மூடிய கதவும் முனைந்த எழுதுகோலும்

ஆள்வோர் செய்யும் பிழை தானே வெளிப்படுவதில்லை. அதனை மூடி மறைப்பதற்கு அரசு வலிமை உண்டு; பொருள் உண்டு; காவற்படை உண்டு; குழுக்கள் பல உண்டு. வெளிக்கொணர்தற்கோ, அஞ்சாது தேடும் சிலருடைய எழுதுகோலே உண்டு. போபர்சுப் பீரங்கி ஊழலின் வரலாறு இதனைக் கல்மேல் எழுத்தெனக் காட்டி நிற்கின்றது.

1986 மார்ச்சு 24ஆம் நாள், இந்தியப் படைக்கு 155 மி.மீ. பீரங்கிகள் வாங்குதற்குச் சுவீடன் நாட்டுப் போபர்சு நிறுவனத்தோடு ஏறத்தாழ 1,437 கோடி உரூபா அளவில் ஒப்பந்தம் செய்யப்பெற்றது. இடைத்தரகர் எவரும் இருத்தலாகாது என்பது நடுவணரசு விதித்த கட்டளை. 1987 ஏப்பிரல் 16ஆம் நாள், அவ்வொப்பந்தத்தின் பொருட்டுக் கையூட்டு வழங்கப்பெற்றது என்று சுவீடன் வானொலி அறிவித்தது. தில்லி உடனே மறுத்தது. இடைத்தரகரும் இலர், கையூட்டும் இல்லை எனத் தலைமையமைச்சர் இராசீவ் காந்தி நாடாளுமன்றத்தில் கூறினார். எனினும், பணம் கைமாறியது மெய்யே என்பதை அவ்வாண்டு சூன் திங்களில் சுவீடன் நாட்டுத் தணிக்கைத் துறையே கண்டுரைத்தது.

அதன்பின் நடந்தது யாது? நாடாளுமன்றக் கூட்டுக்குழு ஒன்று அமைந்தது. எதிர்க்கட்சிகள் அதனைப் புறக்கணித்தன. கையூட்டுக்குச் சான்றில்லை என 1988 ஏப்பிரலில் அக்குழு எழுதி முடித்தது. குழு காணாத சான்றைச் செனீவாவிலிருந்த பெண்மணி ஒருவர் கண்டார். சித்திரா சுப்பிரமணியம் என்னும் அவ்விதழாளரும் சென்னையில் இராமும் இணைந்து, 'இந்து' நாளிதழில் ஆவணங்களை அடுத்தடுத்து வெளியிட்டனர். 'தாமரை', 'துலிப்பு' என்னும் பூப்பெயர்களுக்குள் சுவிட்சர்லாந்து வைப்பகக் கணக்குகள் ஒளிந்திருந்தமை உலகிற்குத் தெரிந்தது.

அரசு வாளாவிருக்கவில்லை. 1988 ஆகத்து இறுதியில் பழிதூற்றல் தடைச் சட்டமுன்வரைவு ஒன்றை மக்களவையில் நிறைவேற்றிற்று. நாடெங்கும் இதழாளர் கிளர்ந்தெழவே, அடுத்த திங்களில் அதனைக் கைவிட்டது. ஆனால், புறத்தடையினும் கொடியது அகத்தடை. 1989 அக்டோபரில் 'இந்து' அவ்வெளியீட்டை நிறுத்தியது. அம்முடிவை இராம் வெளிப்படையாகவே எதிர்த்தார். சித்திரா வேறோர் நாளிதழின் வழியே தம் பணியைத் தொடர்ந்தார். 1984இல் 400க்கு மேற்பட்ட இடங்களை வென்ற கட்சி, அவ்வாண்டின் இறுதியில் ஆட்சியை இழந்தது.

வழக்கோ 1990இல் பதிவாகி, ஆமையினும் மெல்ல நகர்ந்தது. குற்றஞ்சாட்டப்பெற்ற இத்தாலியரான குவத்திரோச்சி 1993இல் நாட்டைவிட்டு வெளியேறினார், 2011இல் வழக்கினின்று விடுவிக்கப்பெற்றார், 2013இல் மறைந்தார். 1991இல் உயிர்நீத்த இராசீவ் காந்திமேல் கூறப்பட்ட கையூட்டுக் குற்றத்தைத் தில்லி உயரறமன்றம் 2004இல் தள்ளியது. 2005ஆம் ஆண்டுத் தீர்ப்பின்மேல் நடுவண் புலனாய்வுத் துறை செய்த மேல்முறையீட்டைக் காலந்தாழ்ந்தது என்று கூறித் தலைமை அறமன்றம் 2018இல் தள்ளுபடி செய்தது.

அங்ஙனமாயின் அவ்விதழாளர் உழைப்பு வீணோ என வினவுவார் உளர். வீணன்று. குற்றவாளியை ஒறுத்தல் இதழாளர் கடமையன்று. மறைந்ததை வெளிக்கொணர்தலே அவர் கடமை. அதனை அவர் குறைவறச் செய்தனர். வெளிவந்த சான்றைக் கொண்டு விரைந்து முறைசெய்ய வேண்டியது அரசு. தவறியது அதுவே.

இன்னொன்றும் ஓர்தற்குரியது. அவ்வாவணங்களைத் தந்தவர், ஆய்வை நடத்திய சுவீடன் நாட்டுக் காவல் தலைவர் சுடென் லிண்டுசுட்ரோம். கால் நூற்றாண்டு பெயர் மறைத்திருந்து, 2012இல் தம்மை வெளிப்படுத்திக் கொண்டார். 350க்கும் மேற்பட்ட ஆவணங்களைத் தந்த அவரே, இராசீவ் காந்தி கையூட்டுப் பெற்றதற்குச் சான்றில்லை என்றும், ஆயினும் உண்மை மறைக்கப்பட்டதைக் கண்டும் அவர் வாளாவிருந்தார் என்றும் கூறினார். உண்மை துலாக்கோல் போன்றது. வேண்டியவர், வேண்டாதவர் என்று பாராது. 1987இலேயே கதவைத் திறந்திருந்தால், குற்றமற்றார் அன்றே விடுபட்டிருப்பர். குற்றமுடையார் அன்றே சிக்கியிருப்பர். மூடியதனால் விளைந்தது யாது? கள்வன் தப்பினான், ஐயம் மட்டும் அனைவர்மேலும் படிந்தது.

தமிழர் நெஞ்சை உறுத்த வேண்டியது ஒன்றுண்டு. தமிழகத் தலைநகரில் அச்சேறிய அவ்வாவணங்கள் முதற்கண் ஆங்கிலத்திலேயே வெளிவந்தன. தமிழிதழ்கள் அவற்றை மொழிபெயர்த்துத் தந்தன, தாமே அகழ்ந்தெடுத்தில. பிறர் அகழ்ந்ததை மொழிபெயர்ப்பது வேறு. தாமே அகழ்வது வேறு. திரைப்படச் செய்திக்கும் கட்சிப் புகழுரைக்கும் பக்கம் பக்கமாக இடந்தரும் தமிழ்த்தாள்கள், ஆவணந்தேடும் இளைஞர் இருவர்க்கேனும் ஆண்டு முழுதும் ஊதியந்தந்து காக்கலாகாதா? ஆள்வோர் எக்கட்சியினராயினும் எம்மொழியினராயினும், அவர்தம் கணக்கைக் கேட்கும் உரிமை மக்களுடையது. அக்கணக்கு மக்கள்தம் மொழியிலேயே அவர்முன் வைக்கப்பெறுதல் வேண்டும். அத்தகு தமிழ்த்தாள் எழும்போது, அதனை விலைகொடுத்து வாங்கிப் படித்துத் தாங்கும் கடமை தமிழ் படிப்பார் ஒவ்வொருவர்க்கும் உண்டு.