பரணில் கிடந்த கட்டை

வலப்பனையை அடுத்த தோட்டமொன்றிலிருந்து நம்மிடம் கற்க வரும் மாணவனொருவன், சென்ற மாதம் முழ நீளக் கட்டையொன்றைக் கொணர்ந்து மேசைமீது வைத்தான். காலஞ்சென்ற பாட்டனார் ஆண்டுதோறும் கிளை வெட்டிப் பேணிய நிழல் மரத்தின் துண்டாம் அது. மரம் வீழ்ந்த அன்று பாட்டி அதனை எடுத்து அடுப்படிப் பரணில் வைத்தாராம். தை மாதம் பேத்திக்குக் கலியாணம். அக்கட்டையில் ஒரு குங்குமச் சிமிழ் கடைவித்துக் கொடுக்கவேண்டுமென்பது அவருடைய ஆசை.

"என்ன மரம், தம்பி?" என்று கடைசல்காரர் கேட்டிருக்கிறார். "சவுக்கு, ஐயா" என்றானாம் பையன். யாழ்ப்பாணத்தவரான அவரோ, "சவுக்கு விறகுக்கல்லவா ஆகும்? வெடித்துவிடுமே!" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அயலார் சிலர் டர்பன்டைன் மரமென்றும் கூறினராம்.

குழப்பத்துக்குக் காரணம் பெயரே. கரையோரங்களில் சவுக்கு எனப்படுவது கசுவரினா. மலைநாட்டில் அதே பெயரால் வழங்குவது கிரெவில்லியா ரொபஸ்டா. டர்பன்டைன் என்று நம்மவர் கூறுவது யூகலிப்டஸ். மூன்றும் ஆஸ்திரேலியாவில் இயற்கையாக வளர்பவை. மரம் நின்றிருந்தால், வெள்ளி படர்ந்த அடிப்புறத்தையுடைய இலையே கிரெவில்லியாவைக் காட்டிக்கொடுத்திருக்கும். பட்டையும் உதிர்ந்த கட்டையில் என் செய்வது?

கட்டையின் தலைப்பைக் கூரிய கத்தியால் வழவழப்பாகச் சீவி, நீர் தடவி, உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினோம். வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் நடுவிலிருந்து பட்டைப்புறம் ஓடும் கோடுகள் வெறுங்கண்ணுக்கே தடிப்பாய்த் தெரிந்தன. யூகலிப்டஸில் அவை மிக நுண்ணியவை. ஆகவே அது அன்று. கோடுகளுக்கிடையே நீர் செல்லும் துளைகள் தோரணம் கட்டியதுபோல் வளைந்து வரிசையாக நின்றன. அது கிரெவில்லியாவின் இலக்கணம். பாரமும் சான்று பகர்ந்தது. உலர்ந்த கசுவரினா கன மீட்டருக்குப் பெரும்பாலும் 800 கிலோவுக்கு மேலிருக்கும். கிரெவில்லியாவோ சுமார் 600 கிலோ. கட்டை கைக்கு இலேசாகவே இருந்தது.

ஆரக்கோட்டின் வழியே பிளந்து பார்த்தபோது பட்டுத்துணியின் மினுக்கம் தோன்றிற்று. ஆங்கிலேயர் இதனைப் 'பட்டு ஓக்' என்றழைப்பது இதனாலேதான்.

கடைசல்காரருக்கு இரு சொற்கள் எழுதியனுப்பினோம். வெடிப்பு நடுத்தண்டிலிருந்தே புறப்படுமாதலால் அதனை நீக்கி, ஒருபுறத் துண்டில் கடையவேண்டும். இம்மரத்தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கவல்லது. எனவே மூக்கையும் வாயையும் மூடி, முழுக்கைச் சட்டையணிந்து கடைதல் நலம்.

சென்ற வாரம் சிமிழ் வந்தது. பாட்டி அதனைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். "ஐம்பது வருஷம் இந்த மரத்துக்குக் கீழேதான் கொழுந்தெடுத்தேன். உள்ளே இவ்வளவு அழகு இருந்தது தெரியாமற் போயிற்றே!" என்றாராம்.

மாணவர்களே, பெயரைக் கேட்டு ஒரு பொருளை விறகென்று ஒதுக்குமுன், அதன் தலைப்பைச் சற்றுச் சீவிப் பாருங்கள்.