பள்ளிக்கூடத்துக்கு பாண்டு போடலாமா மதுரை?

மாநகராட்சிப் பள்ளியில் பழைய கட்டடத்தைச் சரி செய்ய மானியத்துக்காக 7 வருஷம் காத்திருந்தா, ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பிளஸ் டூ முடிச்சுப் போயிருக்கும். கடன் பத்திரம் போட்டால் என்ன?

மதுரைக்கு இது புதுசு இல்லை. 2001-லேயே நம்ம மாநகராட்சி 12.25% வட்டியில் 30 கோடி ரூபாய்க்கு பாண்டு வெளியிட்டு, உள்வட்டச் சாலைக்கு வாங்கின கடனை அடைச்சது. 2025-ல் சென்னை மாநகராட்சி மழைநீர் வடிகாலுக்காக 7.97% வட்டியில் 200 கோடி திரட்டியது.

சாலைக்குச் சுங்கம் வரும், பள்ளிக்கூடத்துக்கு என்ன வரும்? என் பதில்: கல்வி வரி. நாம கட்டும் சொத்து வரிக்குள்ளேயே அது இருக்கு. அதில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் ஒதுக்கி வைத்தால் முதலீட்டாளர் நம்பி வருவார்.

உதாரணத்துக்கு 10 கோடி, 8% வட்டி, 10 வருஷம். சம தவணையா கட்டினா வருஷத்துக்குச் சுமார் 1.49 கோடி. வட்டி மட்டுமே 4.9 கோடி! அதனால் மொத்தமா வாங்கக் கூடாது. முதலில் ஒழுகும் கூரையும் கழிப்பறையும். அந்த வேலை முடிஞ்ச பிறகுதான் ஆய்வகத்துக்கு அடுத்த பத்திரம்.

கலிபோர்னியாவில் பள்ளி பாண்டுக்கு 55% வாக்காளர்கள் சம்மதிக்கணும். இங்கே அந்த முறை இல்லை. மாமன்றத் தீர்மானமும் அரசு அனுமதியும்தான். குறைந்தபட்சம் ஒவ்வொரு கட்டத்தின் கணக்கையும் வார்டு குழுவில் வைக்கட்டும். கடனைக் கட்டப்போவது நாமதான். கையெழுத்துப் போடும் முன்னாடி நம்மகிட்டயும் கேட்கணும் இல்லையா?