வெள்ளி வள்ளமும் சேற்று வள்ளமும்

ஆகஸ்ட் பிறந்தால் ஆலப்புழைக்கு ரயில் ஏறுகிறவர்கள் குமரி மாவட்டத்தில் நிறையப் பேர். புன்னமடக் காயலில் நேரு கோப்பை வள்ளங்களி. 'நம்ம பழைய திருவிதாங்கூர் பாரம்பரியமாக்கும் மக்கா, ஒரு தடவையாவது பாக்கணும்' என்பார்கள். இராஜாக்கமங்கலம் பக்கத்துத் தலித் மாணவர்கள்கூட இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் வங்கியில் கணக்கு எழுதுகிறவன். வரவு யார் பேரில், பற்று யார் பேரில் என்று பார்க்காமல் ஒரு தாளையும் தள்ளிவிட மனம் வராது. இந்தப் பாரம்பரியத்தின் பேரேட்டையும் கொஞ்சம் புரட்டுவோம்.

முதலில் அவர்கள் சொல்கிற கதை. அம்பலப்புழைக் கோவிலுக்குக் கிருஷ்ண விக்கிரகம் கொண்டு போனார்கள். வழியில் சம்பக்குளத்தில் இராத் தங்கி, மறுநாள் வள்ளங்கள் புடைசூழப் போனது. அதன் நினைவுதான் மிதுன மாத மூலம் வள்ளங்களி. ஆறன்முளாவில் இன்னொரு கதை. பார்த்தசாரதிக்கு ஓணச் சாப்பாட்டுக்கான பண்டங்களை மாங்காட்டுப் பட்டத்திரி தோணியில் அனுப்புவார். வழிமறித்துத் தாக்கினார்கள். காவலுக்குப் பெரிய வள்ளங்கள் கூடப் போயின. அதுதான் உத்திரட்டாதி வள்ளங்களி. சுண்டன் வள்ளமே செம்பகசேரி ராஜா சண்டைக்குக் கட்டிய படகு என்பதும் அவர்கள் சொல்வதுதான். நூறடிக்கு மேல் நீளம், அயினி மரம், படமெடுத்த பாம்புபோலத் தூக்கி நிற்கும் அமரம். அமரத்தில் நிற்கும் நாலு பேர் நாலு வேதமாம். 64 துடுப்பும் 64 கலையாம்.

ஆக இந்தக் கதைகளில் சாமி உண்டு, ராஜா உண்டு, பட்டத்திரி உண்டு, வேதம் உண்டு. சேற்றில் நின்றவன் இல்லை. சாமி போய் இறங்கிய அம்பலப்புழைக் கோவிலும், தோணி போய்ச் சேர்ந்த ஆறன்முளாக் கோவிலும் 1936 நவம்பர் 12இல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரும்வரை புலையருக்கும் பறையருக்கும் கதவடைத்த கோவில்கள். ஊர்வலம் போய்ச் சேருகிற வாசலில் நமக்கு இடமில்லாதபோது, அந்த ஊர்வலம் எப்படி நம் பாரம்பரியமாகும்?

ராஜா காலம் போய் ஜனநாயகம் வந்தது. 1952 டிசம்பரில் பிரதமர் நேரு ஆலப்புழைக்கு வந்தார். அவருக்காக வள்ளங்களி நடத்தினார்கள். உற்சாகத்தில் ஜெயித்த நடுபாகம் சுண்டனில் அவரே ஏறிவிட்டார். டில்லிக்குப் போய் வெள்ளியில் ஒரு வள்ளம் செய்து அனுப்பினார். அவர் மறைவுக்குப் பிறகு அதுவே நேரு கோப்பை ஆனது. திருவிதாங்கூர் - கொச்சியின் சமுதாய வாழ்க்கைக்கே உரிய தனித்தன்மை இந்தப் போட்டி என்று அதில் பொறித்திருக்கிறது. அன்றைக்கு இராஜாக்கமங்கலமும் திருவிதாங்கூர் - கொச்சிதான்; 1956 நவம்பர் 1இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். ஆகவே அந்த 'சமுதாயம்' நம்மையும் சேர்த்ததா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. நம் ஊரில் 'நீங்க என்ன சமுதாயம்?' என்று ஒருவன் கேட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பிரதமருக்குத்தான் தெரியாமல் போயிற்று.

இனிப் பேரேட்டின் மறுபக்கம். திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழிக்கும் அறிவிப்பு வந்ததே 1855இல்தான். அதுவரை புலையரையும் பறையரையும் வயலோடு சேர்த்து விற்றார்கள், அடகு வைத்தார்கள். போட்டி நடக்கும் அந்தக் குட்டநாட்டைப் பாருங்கள். கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிற வயல்கள். காயலுக்குள் வரப்புக் கட்டி, தண்ணீரை இறைத்து எடுத்த நிலம். யார் கட்டினார்கள்? காயலுக்கு அடியில் முங்கிச் சேற்றுக் கட்டியை அள்ளி வந்து வள்ளத்தில் நிரப்பியவர்கள் புலையர்கள். இராப்பகலாகச் சக்கரம் மிதித்துத் தண்ணீரை வெளியேற்றிய கால்கள் அவர்களுடையவை. 1940களில் எடுத்த மூன்று காயல் வயல்களுக்குப் பெயர் வைத்தார்கள். சித்திரை, மார்த்தாண்டம், ராணி. மகாராஜா பேர், அவர் தம்பி பேர், அரண்மனைப் பெண் பேர். முங்கி மூச்சடைத்தவன் ஒருத்தன் பேர்கூட ஒரு வரப்புக்கும் இல்லை.

வரப்பு உடைந்து தண்ணீர் பாய்ந்தபோது ஆளையே உள்ளே வைத்து அடைத்தார்கள் என்று குட்டநாட்டுப் புலையர் வாய்மொழியில் உண்டு. 'அதெல்லாம் கதை, ஆதாரம் உண்டா?' என்று கேட்கப் படித்தவர்கள் வருவார்கள். பட்டத்திரி தோணியும் கதைதானே ஐயா! அதை மட்டும் வரலாறு என்று சுற்றுலா விளம்பரத்தில் அச்சடிக்க எந்த ஆதாரம் கேட்டீர்கள்? மேல்சாதிக்காரன் நினைவு என்றால் ஐதீகம், நம்முடைய நினைவு என்றால் வதந்தியா? ஆறன்முளாவுக்குப் பக்கத்து இரவிபேரூரில் பொய்கையில் யோகன்னான் 1909இல் பிரத்தியட்ச ரட்சா தெய்வ சபை கண்டபோது, அடிமைப்பட்டுப் பிரிக்கப்பட்ட தாய்தகப்பன்மாரின் நினைவையே பாட்டாக, வழிபாடாக ஆக்கினார். எழுத்தில் இடம் கிடைக்காதவர்கள் நினைவைத்தான் ஆவணமாக வைத்துக்கொள்ள முடியும்.

வள்ளத்தில் என்ன பாடுகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். வஞ்சிப்பாட்டில் பேர்போனது இராமபுரத்து வாரியரின் குசேலவிருத்தம். ராஜா மார்த்தாண்ட வர்மா வள்ளத்தில் போகும்போது வாரியர் பாடிக் காட்டியது என்பது ஐதீகம். ஏழைக் குசேலன் கிருஷ்ணனைப் பார்க்கப் போய்ப் பணக்காரனாகத் திரும்புகிற கதை. ஏழைதான், ஆனால் பிராமண ஏழை. சாமியோடு ஒன்றாகப் படித்த ஏழை. பள்ளிக்கூட வாசலையே மிதிக்கவிடாத நம் ஆட்களுக்குச் சாமி எங்கே சிநேகிதனாக வாய்க்கும்? சக்கரம் மிதித்தவர்களுக்கும் பாட்டு உண்டு, நாற்று நட்ட பெண்களுக்கும் பாட்டு உண்டு. அதற்கு வெள்ளியில் எதுவும் யாரும் அடித்துக் கொடுக்கவில்லை.

தண்ணீருக்கும் நமக்கும் உள்ள வரலாறு வேறு. 1924இல் வைக்கம் கோவிலைச் சுற்றிய தெருவில் நடக்கப் போராட்டம். அந்த வருஷம்தான் பெருவெள்ளம். சத்தியாக்கிரகிகள் மார்பளவுத் தண்ணீரில் நின்றார்கள். தடுப்பு வேலியைப் போலீஸ் படகில் இருந்து காவல் காத்தது. இங்கே பக்கத்துச் சுசீந்திரத்திலும் 1926லும் 1930லும் கோவில் தெருவில் நடக்கத்தான் சத்தியாக்கிரகம். தெப்பம் குளத்தைச் சுற்றலாம், மனுசன் தெருவைச் சுற்றக்கூடாது!

இதற்கெல்லாம் முன்பே, பக்கத்துச் சமஸ்தானமான கொச்சியில் நடந்ததை நம் பிள்ளைகள் எந்தப் பாடப் புத்தகத்திலும் படித்திருக்க மாட்டார்கள். 1913. புலையர்கள் கூடி ஒரு சங்கம் அமைக்க நினைத்தார்கள். கூடிப் பேச ஒரு துண்டு நிலம் கிடைக்கவில்லை. தரை முழுதும் ராஜாவுக்கும் கோவிலுக்கும் ஜன்மிக்கும் சொந்தம். காயலுக்கு யார் பட்டா கேட்பது? எர்ணாகுளத்துக் காயலில் வள்ளங்களைக் கொண்டுவந்து ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டினார்கள். அதன்மேல் பலகை போட்டார்கள். அந்த மேடையில் கூட்டம் நடந்தது. கிருஷ்ணாதியும் கே.பி. வள்ளோனும் முன்னின்றார்கள். துணை நின்றவர் ஜாதிக்கும்மி எழுதிய பண்டிட் கருப்பன், மீன்பிடிக்கிற வாலர் சாதியில் பிறந்தவர். கொச்சிப் புலையர் மகாசபை இப்படித்தான் தண்ணீர்மேல் பிறந்தது. காயல் சம்மேளனம் என்பது அதன் பெயர். வள்ளங்களியில் வள்ளங்கள் ஒன்றை ஒன்று முந்தும். 1913இல் நம் வள்ளங்கள் ஒன்றோடு ஒன்று கட்டிக்கொண்டு நின்றன. நமக்குப் பாரம்பரியம் வேண்டுமென்றால் இதோ இருக்கிறது.

'பழசை ஏம்பா கிளறுறே, இப்ப எல்லாச் சாதிக்காரனும் துடுப்புப் போடுறான், பொம்பளைகளுக்கும் தனி வள்ளம் இருக்கு' என்று முற்போக்குத் தோழர்கள் சொல்வார்கள். உண்மைதான். புன்னமடையில் படகுக் குழுக்கள் யாரையும் சேர்க்கின்றன, பெண்களும் போட்டியிடுகிறார்கள். ஆனால் ஆறன்முளாவில் 2021இல் பள்ளியோடத்தில் செருப்போடு ஏறிப் படம் எடுத்துக்கொண்டாள் என்று ஒரு நடிகையைக் கைது செய்தார்களே, அதுவும் இதே நூற்றாண்டுதான். கூலிக்குத் துடுப்புப் போட விடுவதை ஜனநாயகம் என்றால், கூலிக்குச் சேறு அள்ள விட்டதும் ஜனநாயகம்தானே! ஆயிரம் வருஷமாக நம் கையில் துடுப்பும் மண்வெட்டியும் தாராளமாகத் தந்துதான் இருக்கிறார்கள். தராதது கரை.

கரை என்றால் நிலம். 1970 ஜனவரி 1இல் ஜன்மி முறை ஒழிந்தது என்றார்கள். குத்தகைக்காரனுக்கு வயல் போயிற்று. அந்த வயலில் இறங்கி உழைத்தவனுக்குக் கிடைத்தது குடிசை நிற்கும் இடம்: அதிகபட்சம் பஞ்சாயத்தில் 10 சென்ட், நகராட்சியில் 5, பெருநகரில் 3. 2007 ஆகஸ்டில், ஆறன்முளா இருக்கிற அதே பத்தனம்திட்டை மாவட்டத்தில், செங்கறா ரப்பர் தோட்டத்துக்குள் ஆயிரக்கணக்கான நிலமற்ற குடும்பங்கள், பெரும்பாலும் தலித்துகள், குடிசை போட்டு உட்கார்ந்தார்கள். பயிரிட நிலம் கேட்டார்கள். சுற்றுலா விளம்பரத்தில் பம்பையும் பள்ளியோடமும் மின்னிக்கொண்டிருந்த அதே ஓணக் காலம். 1913இல் கூட்டம் போட நிலமில்லை; 94 வருஷம் கழித்தும் குடும்பம் நடத்த நிலமில்லை.

ஆகவே மாணவத் தோழர்களே, சுண்டன் வள்ளத்தில் நமக்கும் ஒரு பலகை கொடு என்று மனுப் போடுகிற வேலை நமக்கு வேண்டாம். கோப்பைக்காகக் காயல் கரையில் கூட்டம் கூடுகிற அன்றைக்கு, நம் ஊர்ச் சேரிகளில் காயல் சம்மேளனத்தைப் பேசுவோம். குட்டநாட்டில் சக்கரம் மிதித்தவர்களின் பிள்ளைகள், நாஞ்சில் வயல்களில் நாற்று நட்ட நம் ஆச்சிமார்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். எந்த வயல், யாருடைய வயல், எத்தனை மரக்கால் கூலி, எவன் அடித்தான், எந்தப் பாட்டு, எல்லாவற்றையும் ஊர் பேரோடு எழுதி வாங்குங்கள். நிலம் கேட்டுப் போகிற அன்றைக்கு அதுதான் நம் கையிலிருக்கும் பத்திரம்.