மூக்குச் சதை மாத்திரையில கரையுமா? பழைய சீட்டை நீட்டும் முன் ஒரு நிமிஷம்!

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டைத் தாண்டிப் போறீங்க. பக்கத்துல இருக்குறவர், 'மல்லி வாசம் ஆளைத் தூக்குது'ன்னு சொல்றார். உங்களுக்கோ ஒண்ணுமே தெரியலை. மூக்கும் மாசக்கணக்கா அடைச்சே கிடக்கு. இது வெறும் ஜலதோஷம் இல்லாம, மூக்குச் சதையாகவும் இருக்கலாம்.

மூக்கு, சைனஸ் பகுதியின் உள்தோல் நாள்பட்ட அழற்சியால் வீங்கி, திராட்சைக் கொத்து மாதிரி தொங்குவதைத்தான் டாக்டர்கள் 'பாலிப்' என்கிறார்கள். ''ஆபரேஷன் இல்லாம மாத்திரையிலயே சரி பண்ண முடியாதா?'' என்பதுதான் பலரின் முதல் கேள்வி.

முடியும். ஆனா, கொஞ்ச நாளைக்கு மட்டும்!

3 மாதக் கணக்கு

சதையை நன்றாகச் சுருக்கும் மாத்திரை, பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுதான். சில நாள்களிலேயே மூக்கு திறக்கும், வாசனையும் திரும்பலாம். ஆனால், 7 முதல் 21 நாள் வரை சாப்பிட்டாலும், சதை சுருங்கிய பலன் சுமார் 3 மாதம்தான் என்கிறது 2020-ல் வெளியான ஐரோப்பிய நிபுணர்களின் வழிகாட்டுதல். அதனால், வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை, அதுவும் ஸ்டீராய்டு ஸ்பிரேவுக்குத் துணையாகத்தான் இதைப் பரிந்துரைக்கிறார்கள்.

சிக்கலே இங்கதான். மேலூர், உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு வந்து டாக்டரைப் பார்த்தா ஒருநாள் சம்பளம் போச்சு. 'போன தடவை கேட்டுச்சே'ன்னு பழைய சீட்டை மெடிக்கல்ல நீட்டுறது சுலபம். ஆனா, இது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத 'ஷெட்யூல் ஹெச்' மருந்து. அடிக்கடி எடுத்தால் சர்க்கரையும் பிரஷரும் ஏறும், எலும்பு பலவீனமாகும். நீண்ட நாள் சாப்பிட்டுவிட்டு திடீரென நிறுத்துவதும் ஆபத்து. 2021-ல் கொரோனாவோடு வந்த கறுப்புப் பூஞ்சை ஞாபகம் இருக்கா? கட்டுப்படாத சர்க்கரையும் அளவு மீறிய ஸ்டீராய்டும் அதற்கு முக்கியக் காரணங்களாகச் சொல்லப்பட்டன.

வேற மாத்திரை இல்லையா?

அலர்ஜி மாத்திரை தும்மலைக் குறைக்கும், சதையைக் கரைக்காது. மான்டெலுகாஸ்ட் சிலருக்குத் துணை மருந்து மட்டுமே. அது மனநிலையைப் பாதிக்கலாம் என 2020-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடுமையாக எச்சரித்தது. அதே அமைப்பு 2019-ல் பாலிப்புக்கு அனுமதித்த டூபிலுமாப், மாத்திரை அல்ல. விலை அதிகமான ஊசி.

அப்போ என்ன செய்யலாம்?

* தினமும் ஸ்பிரே, உப்புநீரால் மூக்கைக் கழுவுதல். இதுதான் அடிப்படை சிகிச்சை. கழுவ, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரையே பயன்படுத்துங்க.
* ஆஸ்துமாவும் இருந்தா, ஆஸ்பிரின், ஐபுப்ரூஃபென் சிலருக்கு மூச்சுத்திணறலைத் தூண்டும். டாக்டரைக் கேட்காம வாங்காதீங்க.
* ஒரு பக்கம் மட்டும் அடைப்பு, ரத்தக்கசிவு, பார்வையில் மாற்றம் இருந்தா தள்ளிப்போடவே கூடாது.

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில காது, மூக்கு, தொண்டைப் பிரிவு இருக்கு. அங்க போறப்போ, இதுவரைக்கும் எத்தனை தடவை ஸ்டீராய்டு சாப்பிட்டீங்கன்னு மறைக்காம சொல்லுங்க. ஆபரேஷன் வேணுமா, வேணாமான்னு முடிவு பண்ண அந்தக் கணக்கு டாக்டருக்கு ரொம்ப முக்கியம்.