ஏர் ஃபிரையர் தாள் புகையைத் தடுக்குமா?

எண்ணெய் வணிகத்தால் பெயர் பெற்ற ஊர் விருதுநகர். பரோட்டாவைக்கூட எண்ணெயில் பொரித்து உண்ணும் ஊர். இவ்வூரின் சமையலறைகளிலும் இப்போது ஏர் ஃபிரையர் இடம் பிடித்துவிட்டது. நுரையீரல் நோய்ப் பிரிவுக்கு வரும் குடும்பத்தினர் அதைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்கின்றனர். இக்கருவியால் வீட்டில் புகை குறையுமா என்பது ஒன்று. அதனுள் விரிக்கும் லைனர் தாள் புகையைத் தடுக்குமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ஆம் என்பேன். இரண்டாவதற்கு இல்லை என்பதே என் விடை. முறையின்றி விரித்தால் அத்தாளே புகைக்குக் காரணமாகிவிடும்.

இது சிறு விஷயம் எனச் சிலருக்குத் தோன்றலாம். ஆனால் பீடியையோ சிகரெட்டையோ தொட்டே அறியாத பெண்களுக்கும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வருகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர், தமிழகக் கிராம வீடுகளில் விறகடுப்புப் புகையை அளந்து 2002இல் ஆய்வு வெளியிட்டனர். அடுப்பின் அருகே நின்று சமைப்பவரே மிகுதியான துகள்களைச் சுவாசிக்கிறார் என்பதை அது எடுத்துக்காட்டியது. எரிவாயு வந்தபின் விறகுப் புகை பெருமளவு குறைந்தது. எண்ணெய்ப் புகையோ குறையவில்லை. மிகு வெப்பத்தில் பொரிக்கும்போது எழும் ஆவியை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதியினருக்கு இதில் கூடுதல் அக்கறை வேண்டும். பகலெல்லாம் பட்டாசு ஆலையில் அலுமினியத் தூளுக்கும் கந்தகத்துக்கும் நடுவே வேலை பார்த்துவிட்டு வரும் நுரையீரல், மாலையில் அடுப்படிப் புகையையும் சுமக்க வேண்டியிருக்கிறது. ஆலைக் காற்றை நீங்கள் ஒருவராக மாற்றிவிட முடியாது. அடுப்படிக் காற்று உங்கள் கையில் இருக்கிறது.

இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தார் கோழியின் நெஞ்சுக்கறியைப் பல முறைகளில் சமைத்துக் காற்றிலுள்ள நுண்துகள்களை அளந்து 2024இல் வெளியிட்டனர். கடாயில் சிறிது எண்ணெய் விட்டு வறுத்தபோது ஒரு கன மீட்டர் காற்றில் துகள்கள் 92.9 மைக்ரோகிராம் வரை ஏறின. எண்ணெயில் மூழ்கப் பொரித்தபோது 7.7; ஏர் ஃபிரையரில் 0.6 மட்டுமே. முழுகப் பொரிப்பதைவிடக் கல்லில் போட்டு வறுப்பது மிகுதியாகப் புகைந்தது என்பது பலருக்கும் வியப்பளிக்கும். தோசைக்கல்லில் மீன் வறுக்கும் வீட்டார் இதைக் கவனிக்க வேண்டும். எனினும் நெஞ்சுக்கறி கொழுப்புக் குறைந்தது. தோலோடு மசாலா தடவிய கோழித்தொடையை வைத்தால் அதே 0.6ஐ எதிர்பார்க்க இயலாது.

கருவியின் உள்ளே நடப்பது இதுதான். மேலே சூடேறும் கம்பிச்சுருள். அதனருகே ஒரு விசிறி. அனல்காற்று கூடையின் துளைகள் வழியே சுழன்று உணவை வேகவைக்கிறது. உருகும் கொழுப்பு அதே துளைகள் வழியே கீழ்த்தட்டில் சொட்டிக் கருகிப் புகைகிறது. முந்தைய நாள் படிந்த பிசுக்கும் சேர்ந்து எரியும். துளைகளையெல்லாம் மூடுமாறு லைனரை விரித்தால் காற்றோட்டம் தடைபடும், கொழுப்பு தாளிலேயே தேங்கும், உணவு மொறுமொறுப்பாகாது. உடனே நாம் சூட்டைக் கூட்டுகிறோம், தேங்கிய கொழுப்பு புகைகிறது. ஆகவே கூடையின் அடிப்பரப்பைவிடச் சற்றுச் சிறிய, துளையிட்ட தாளே ஏற்றது. உணவின் பாரம் இல்லாமல் வெறும் தாளை ஒருபோதும் உள்ளே வைக்காதீர்கள். விசிறிக் காற்று அதைத் தூக்கிக் கம்பிச்சுருளில் ஒட்டவைத்தால் தீப்பற்றும். முன்சூடேற்றும்போது இந்தத் தவறு எளிதில் நேர்கிறது. சிலிக்கோன் லைனர் பறக்காது; ஆனால் சோப்பு நீரில் நன்கு கழுவாவிட்டால் அதன் மடிப்புகளில் தங்கும் பழைய பிசுக்கே புகையும்.

எந்தத் தாள் என்பதும் முக்கியம். அச்சகங்கள் நிறைந்த மாவட்டம் நம்முடையது. வெட்டி மிஞ்சிய வழவழப்பான தாள்களுக்கு இங்கே பஞ்சமில்லை. அவற்றையோ செய்தித்தாளையோ உணவுக்கு அடியில் விரிக்கக் கூடாது. அச்சு மையின் வேதிப்பொருள்கள் உணவில் கலக்கும் என்பதால், உணவைச் செய்தித்தாளில் பொதியவோ வைக்கவோ வேண்டாமென இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2023 செப்டம்பரில் எச்சரித்தது. வடையின் எண்ணெயை ஒற்றி எடுக்கும் பழக்கத்துக்கும் இது பொருந்தும். மெழுகு பூசிய தாள் உருகிப் புகையும். கடையில் பட்டர் பேப்பர் என்று வாங்கினால், எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று உறையில் இருக்கிறதா எனப் பாருங்கள், இல்லையெனில் வேண்டாம். அலுமினியத் தாளில் எலுமிச்சை, புளி, தக்காளி சேர்ந்த மசாலாவை வைத்தால் அந்தப் புளிப்பு உலோகத்தைக் கரைக்கும்.

புகையை உண்மையில் குறைப்பவை வேறு. கொழுப்புள்ள கறி வேகும்போது, கூடைக்குக் கீழே தனித்தட்டு உள்ள கருவியாயின் அதில் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் ஊற்றலாம். சொட்டும் கொழுப்பு கருகாது. 200 டிகிரியில் வைப்பதை 180ஆகக் குறைத்துச் சில நிமிடங்கள் கூட்டிக்கொள்ளலாம். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் சுத்திகரித்த எண்ணெயைவிடக் குறைந்த சூட்டிலேயே புகையும். அதை இறக்கிய பின் சேர்ப்பது நன்று. உலர்ந்த மிளகாய்த்தூளை மேலே தூவினால் விசிறி அதைக் கம்பிச்சுருளுக்கு அனுப்பிவிடும். அந்த நெடியின் கமறல் ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சிறைப்பைத் தூண்டப் போதுமானது. தயிரில் குழைத்துத் தடவினால் தூள் பறக்காது. ஒவ்வொரு முறையும் ஆறிய பின் கூடையையும் தட்டையும் கழுவுங்கள். மாதம் ஒருமுறையேனும், மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டுக் கம்பிச்சுருளை ஈரத்துணியால் துடையுங்கள்.

இதற்காகக் கடன்பட்டு ஏர் ஃபிரையர் வாங்க வேண்டுமா? வேண்டாம் என்பதே என் கருத்து. கையில் இருப்பது சிறு தொகையென்றால் முதலில் புகை வெளியேற்றும் விசிறியைப் பொருத்துங்கள். வாரத்தில் சில நாள் பொரிப்பதை அவிப்பதாக மாற்றினால் அதற்கு ஒரு செலவும் இல்லை. கருவி ஏற்கெனவே வீட்டில் இருந்தால் சன்னலோரம் வையுங்கள். மூச்சிறைப்பு உள்ளவர் வறுக்கும் நேரத்தில் வேறு அறையில் இருக்கட்டும். ஆலையிலிருந்து வருபவர் குளித்து உடை மாற்றிய பின் அடுப்படிக்குள் வரவேண்டும். ஆலை உடைகளைச் சமையலறைக் கொடியில் தொங்கவிடுவதை நான் எந்நிலையிலும் ஏற்கமாட்டேன்.

வீட்டில் ஆக்சிஜன் பெறுவோர் அடுப்பிலிருந்தும் ஏர் ஃபிரையரிலிருந்தும் பத்தடியாவது தள்ளியிருக்க வேண்டும். குழாயை மூக்கில் வைத்தபடி கருவியைத் திறந்து பார்க்கவும் கூடாது. வீட்டின் அமைப்பு அதற்கு இடம் தராவிடில் அடுத்த பரிசோதனையின்போது சொல்லுங்கள். சமையலறையையும் கட்டிலையும் குறித்த ஒரு சிறு வரைபடம் கொண்டுவந்தால், ஆக்சிஜன் கருவியை எங்கே வைப்பதென்று சேர்ந்தே முடிவு செய்யலாம்.