விளையாட்டு பீரியடைப் பறிக்காதீர்கள்

கிராமத்துப் பிள்ளைகள் பலர் கபடியை அண்ணன்மார் ஆடுவதைப் பார்த்தே கற்றவர்கள். விதிகளை விளக்குவதைவிடக் களத்தில் இறக்கிவிட்டால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். மைதானமே இல்லாத நகரப் பள்ளியின் பிள்ளைக்கோ படிப்படியாகச் செய்துகாட்டி, பக்கத்தில் நின்று திருத்த ஆள் வேண்டும். இருவருக்கும் ஒரே விசில், ஒரே டிரில் என்பது நியாயமல்ல.

பிள்ளையைத் தனியாகக் கவனித்தால் பலன் உண்டு. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவை உயரம் தாண்டுதலுக்குத் திருப்பியவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர்தான். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார் மாரியப்பன். ஒவ்வொரு பிள்ளையையும் அப்படிக் கவனிக்க ஆசிரியருக்கு நேரம் வேண்டாமா? தேர்வு நெருங்கினாலே விளையாட்டு பீரியட் கணக்குப் பாடமாகிவிடுகிறது. பத்தாம் வகுப்பில் கேட்கவே வேண்டாம். பள்ளிக்கல்வித் துறை இதை உடனே தடுக்க வேண்டும்.