கப்பல் மோதலில் மெய்ப்பிக்கும் பாரம்: எமது சங்கத்தின் நிலைப்பாடு

கடலில் இரு கலங்கள் மோதி இரு திறத்தாரும் பிழை செய்திருப்பின், நஷ்டத்தைச் சரிபாதியாகப் பங்கிட்டுவிடும் முறையையே ஆங்கில அட்மிரால்டி நீதிமன்றங்கள் நெடுங்காலம் கைக்கொண்டிருந்தன. அற்பப் பிழையையும் பெரும்பிழையையும் ஒன்றாகவே பாவித்த அம்முறையை நீக்கி, அவரவர் குற்றத்தின் அளவுக்கேற்பவே பொறுப்பு என்னும் தத்துவத்தை 1910இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை நிலைநாட்டிற்று. நமது 1958ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டமும் அதனையே தழுவிற்று. அத்தத்துவத்தை நாங்கள் முழுமனதாக ஆதரிக்கிறோம். ஆயினும், மீன்பிடி படகொன்றை மோதிவிட்டு நியாயமான காரணமின்றி நில்லாமற் சென்ற கப்பலைப் பொறுத்தமட்டில், பிழை தன்னுடையதன்று என்று மெய்ப்பிக்கும் பாரம் அக்கப்பலையே சார வேண்டும் என்பது எமது நிலைப்பாடு.

குற்றத்தை அளக்கச் சாட்சியம் வேண்டும். அச்சாட்சியமோ ஏறக்குறைய முழுவதும் ஒரு திறத்தாரிடமே இருக்கிறது. கப்பலின் வேகம், திசை, ராடார் காட்சி, செலுத்தும் அறையில் பேசப்பட்ட பேச்சு ஆகிய யாவற்றையும் பயணப் பதிவுக் கருவி சேமித்து வைக்கிறது. ஆனால் பழைய கருவிகளில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு முந்திய பதிவு, எடுத்து வைக்கப்படாவிடின், புதிய பதிவால் அழிந்துபோகும். அதே பன்னிரண்டு மணி நேரத்தில், உடைந்த பலகையைப் பற்றி மிதக்கும் மீனவனிடம் இருப்பது, இருளில் தான் கண்ட ஒரு கரிய பக்கச்சுவரின் நினைவு மட்டுமே.

மாறாக மெய்ப்பிக்கப்படும்வரை, நில்லாமற் சென்ற கப்பலே பிழை செய்தது எனக் கொள்ளும் இத்தகைய அனுமானத்தை 1894ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டம் கொண்டிருந்ததும், 1911இல் அது நீக்கப்பட்டதும் நாங்கள் அறியாதவை அல்ல. இருதரப்பும் கப்பல்களாய், இருதரப்பிலும் குறிப்பேடுகள் இருக்கும் வழக்குக்கு அந்நீக்கம் பொருந்தலாம். பலகைப் படகின் வழக்குக்குப் பொருந்தாது. பெருங்கப்பலுக்கு மோதியதே தெரியாமற் போகலாம் என்னும் ஆட்சேபமும் நிற்பதன்று. ஏனெனில், கண்ணாலும் செவியாலும் கிடைக்கத்தக்க ஏனைய சாதனங்களாலும் இடையறாது காவல் பார்க்க வேண்டுமென்பது 1972ஆம் ஆண்டு மோதல் தடுப்பு விதிகளின் ஐந்தாம் விதி. அவ்விதி படகையும் கட்டுப்படுத்துகிறது. விளக்கேற்றாமலும் காவலுக்கு ஆளின்றியும் உறங்கிய படகு தன் பங்குக் குற்றத்தை ஏற்கத்தான் வேண்டும்.

ஆகவே, மோதல் பற்றிய தகவல் கிட்டியவுடன் ஐயத்துக்குரிய கப்பல்களின் பதிவுகளை அதிகாரிகள் கைப்பற்றி, அவற்றின் பிரதியை இருதரப்பாருக்கும் வழங்க வேண்டும். 2017ஆம் ஆண்டு அட்மிரால்டி சட்டத்தின்படி உயர் நீதிமன்றத்தில் கப்பலைத் தடுத்து வைக்கக் கோரும் மீனவர் குடும்பங்களுக்கு இலவச சட்ட உதவி கிடைக்க வேண்டும். மேற்கூறிய அனுமானம் சட்டத்தில் இடம்பெற வேண்டும். மோதியவுடன் நின்று, ஆட்களை மீட்டு, தன் பெயரையும் துறைமுகத்தையும் அறிவிக்கும் கப்பலுக்கு இவற்றால் யாதொரு பாதகமும் விளையாது.